ஒரு சபைப் பாடகரின் வாழ்க்கையை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

கடலூர் முதுநகரில் வாழ்ந்து அண்மையில் 84-ஆம் வயதில் காலமான உங்கள் தாத்தாவைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததன் சாரம் இது. பகலில் ஒரு கிடங்கில் கணக்கெழுதியவர். மாலைகளிலும் ஞாயிறுகளிலும் ஆர்மோனியத்துடன் சபைகளிலும் கன்வென்ஷன் கூட்டங்களிலும் துக்க வீடுகளிலும் பாடியவர். சில பாட்டு நோட்டுகளையும் ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகளையும் தம் பழைய ஆர்மோனியத்தையும் விட்டுச் சென்றிருக்கிறார். முதலாமாண்டு நினைவுநாளுக்குள் அவர் வாழ்க்கையைச் சிறு நூலாக்க விரும்புகிறீர்கள். ஆனால் யாரைக் கேட்டாலும் 'நல்ல மனிதர், பக்தியுள்ளவர், அருமையாகப் பாடுவார்' என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. போதாததற்கு, ஊரே அவருடையது என்று சொல்லும் ஒரு பாட்டைப் பக்கத்துச் சபை மூப்பர் ஒருவர் 'அது பழைய கீர்த்தனை' என்று சொல்லிவிட்டார். நூலை எப்படி எழுதுவது என்று நீங்கள் கேட்டிருந்தாலும், அச்சில் பெயர் வராத, வானொலியில் குரல் ஒலிக்காத ஒருவரின் வாழ்வில் 'இது இவருடையது' என்று எதை உறுதியாகச் சொல்லலாம் என்பதே உங்களை உறுத்தும் கேள்வி என்று புரிந்துகொள்கிறேன்.

இசையாசிரியராக வேலை பார்த்தவன் நான். புதுச்சேரி, கடலூர் வட்டாரத்துப் பாடகர் குழுக்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் சொல்லியிருக்கிறேன். இத்தகைய ஊர்ப் பாடகர்கள் விட்டுச் சென்ற நோட்டுகளையும் நாடாக்களையும் அவர்கள் குடும்பத்தாருக்காக ஒழுங்குபடுத்திக் கொடுத்துமிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்கள் தாத்தாவின் வாழ்க்கையை அவர் இயற்றிய பாடல்களின் பட்டியலில் தேடினால் அதில் பாதிகூடக் கிடைக்காது. இசை படிக்காத ஒரு கூட்டத்தை, மீனவர்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் வயதான தாய்மார்களையும், வாரந்தோறும் ஒரே சுருதியில் ஒரே மூச்சாகப் பாட வைத்ததுதான் இவர்கள் ஆயுள் முழுக்கச் செய்த பெரும்பணி. அது எந்தத் தாளிலும் பதிவாகவில்லை. அவரோடு பாடியவர்களின் காதிலும் தொண்டையிலும்தான் தங்கியிருக்கிறது. எனவே எழுத உட்காருவதற்கு முன் அவர்களைத் தேடிப் போங்கள். நோட்டும் கேசட்டும் இன்னும் சில மாதங்கள் பொறுக்கும்; அவர் வயதை ஒத்தவர்களின் நினைவு பொறுக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

போய் உட்கார்ந்து 'தாத்தா எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால், இறந்தவர்மேல் உள்ள மரியாதையால் எல்லோரும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள். எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதி உயரத்தில், பாட்டை எடுப்பார்? கச்சேரி மேடையில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுகிறார்கள். இருபாலாரும் சிறுவர்களும் சேர்ந்து பாடும் ஆராதனையில் இந்த இரண்டுமே ஒத்துவராது; ஒன்றில் பெண்களின் குரல் கீழே அமுங்கிப்போகும், மற்றதில் ஆண்கள் சரணத்தின் உச்சியில் வாயை மூடிக்கொள்வார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் அதன் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் மனத்தில் கணக்கிட்டு, அன்றைக்கு வந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்து, நடுவில் ஒரு கட்டையை அவர் தேர்ந்திருப்பார். அதிகாலை ஆராதனையில் குரல் திறந்திருக்காது என்பதால் அதே பாட்டை இறக்கி எடுத்திருக்கவும் கூடும். இதை அவரோடு பாடிய ஒருவர் நினைவுகூர்ந்து சொன்னால், 'அருமையாகப் பாடுவார்' என்ற வரி தானாகவே தேவையற்றுப் போகும். கூட்டம் இழுத்துப் பாடத் தொடங்கும்போது ஆர்மோனியத்தை ஓங்கி வாசித்து முன்னே தள்ளுவாரா, வாசிப்பை நிறுத்திக் கைத்தாளத்தால் பிடித்து இழுப்பாரா? பல்லவியை எத்தனை முறை திருப்புவார்? புதுப் பாட்டைக் கற்றுக்கொடுக்கும்போது முதலில் வரிகளைச் சொல்லிக்கொடுப்பாரா, மெட்டை வாசித்துக் காட்டுவாரா? டோலக் யார், கஞ்சிரா யார்? எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சரணங்களை எப்படி மனப்பாடமாக்கினார்? இப்படிக் கேட்கும்போது விடைகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். அந்த வேறுபாடுகளில்தான் மனிதர் தெரியத் தொடங்குவார்.

கேட்பதோடு நிறுத்தாமல் பாடவும் சொல்லுங்கள். பேச்சில் வராதது பாட்டில் வரும். இரண்டாம் சரணத்துக்கு வந்ததும் 'இந்த இடத்தில் அவர் நிறுத்தி எங்களைப் பார்ப்பார்' என்று யாரேனும் சொல்வார்கள். இருவர் மூவரைச் சேர்த்து உட்கார வைத்தால் ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். அதே நேரம் உரத்துப் பேசுபவரின் நினைவே எல்லோருடைய நினைவாகவும் மாறிவிடும் ஆபத்தும் உண்டு என்பதால், முதலில் தனித்தனியாகவும் பிறகு கூட்டாகவும் பதிவு செய்வது நல்லது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியைப் பேசுபவருக்கு ஒரு முழ தூரத்தில் துணியின் மேல் வையுங்கள். சபையின் மூப்பர்களோடும் ஆயர்களோடும் நின்றுவிடாதீர்கள். பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்ற பெண்கள், கிறிஸ்துமஸ் காலத்தில் வீடு வீடாகப் பாடிச் செல்லும் கேரல் ரவுண்டுக்கு அவருடன் போன அன்றைய சிறுவர்கள், ஆர்மோனியத்தைச் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டியவர், ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர் ஆகியோர் கண்டது வேறு. துக்க வீடுகளில் பாடியவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உடல் வீட்டில் இருக்கும் இரவு முழுதும் விடியவிடியப் பாடுவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். எந்த நேரத்தில் எந்தப் பாட்டு, அழுகை மூளும்போது எதை நிறுத்துவது, குடும்பத்தார் களைத்துக் கண்ணயரும்போது எப்படித் தணித்து வாசிப்பது என்பதெல்லாம் எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. அந்த வீடுகளில் போய்க் கேளுங்கள். என் அனுபவத்தில், ஒரு சபைப் பாடகரைப் பற்றிய மிக நுட்பமான நினைவுகள் கோயிலில் கிடைப்பதைவிட அங்கேதான் அதிகம் கிடைக்கும்.

ஆண்டுகளைப் பொறுத்தவரை முதியவர்கள் சொல்லும் எண்களை அப்படியே அச்சிடாதீர்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் நினைவு எண்களால் ஆனதன்று. கடலூர்க் கிறிஸ்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு: பாட்டு வேலை மிகுந்த டிசம்பரிலேயே ஊரை உலுக்கிய நிகழ்ச்சிகள் பல நடந்திருக்கின்றன. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22, 23-இல் வீசியது. எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24 அதிகாலையில். அன்றிரவு கேரல் போனார்களா, கிறிஸ்துமஸ் ஆராதனை எப்படி நடந்தது என்று கேட்டால் பலருக்கு உடனே நினைவு வரும். ஆழிப்பேரலை வந்தது 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. தேவனாம்பட்டினத்தை ஒட்டிய பகுதிகளில் அன்று யார் எந்த ஆராதனையில் இருந்தார்கள் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 'தானே' புயல் கரை கடந்தது 2011 டிசம்பர் 30 காலையில், அதாவது ஆண்டிறுதி ஆராதனைக்கு முந்திய நாள். 'அந்தப் பெரிய ஆர்மோனியம் வாங்கியது எப்போது?' என்பதற்குப் பதிலாக 'எம்.ஜி.ஆர். செத்த கிறிஸ்துமஸுக்கு எந்தப் பெட்டியில் வாசித்தார்?' என்று கேட்டுப் பாருங்கள். கிடைப்பது ஓர் எல்லைதான், துல்லியமான நாளன்று. '1987-க்கு முன்பே' என்று எழுதுவது, யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன ஆண்டை எழுதுவதைவிட நேர்மையானது. பிறந்த நாளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். அந்தத் தலைமுறையில் பள்ளிச் சான்றிதழில் உள்ள நாள், சேர்க்கைக்கு வசதியாகப் போடப்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். சபையின் ஞானஸ்நானப் பதிவேடு கிடைத்தால் அதை நம்புங்கள். இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் குறிப்பிட்டு விடுங்கள்.

நாள் போடாத கூட்ட நோட்டீசுகளும் கடித உறைகளும் பெட்டியில் இருந்தால் அவையும் பேசும். முகவரியில் 'மெட்ராஸ் மாநிலம்' என்றிருந்தால் அது பெரும்பாலும் 1969 ஜனவரிக்கு முந்தியது. அஞ்சல் குறியீட்டு எண் அச்சாகியிருந்தால் 1972 ஆகஸ்டு 15-க்கு முன் அது அச்சாகியிருக்க முடியாது. தென்னாற்காடு மாவட்டம் என்றிருந்தால், பிரிவினை நடந்த 1993 செப்டம்பருக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஆனால் பழைய முகவரித் தாளைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியவர்கள் உண்டு. காணிக்கைக் கணக்கு அணாவில் எழுதப்பட்டிருந்தால் 1957-ஐ ஒட்டியோ அதற்கு முன்போ இருக்கலாம். எழுத்துச் சீர்திருத்தம் 1978-இல் வந்தது என்பதால் லை, ளை, னை ஆகியவற்றின் பழைய கொம்பு வடிவத்தை வைத்துக் காலம் கணிக்கச் சிலர் முயல்கிறார்கள். கையெழுத்தில் இது செல்லாது. சிறுவயதில் கற்ற எழுத்தைச் சாகும்வரை எழுதியவர்களே அதிகம். ஈய எழுத்துகளைக் கோத்த சிறு அச்சகங்களிலும் பழைய வடிவங்கள் நெடுங்காலம் நீடித்தன. 'இதற்கு முன் இருக்க முடியாது' என்று சொல்லும் சான்றுகளே வலிமையானவை. 'இதற்குப் பின் இருக்க முடியாது' என்பவற்றைச் சற்றுத் தளர்வாகவே பிடிக்க வேண்டும்.

இனிக் கேசட்டுகள். இதில் அவசரப்பட்டால் இழப்பு நிரந்தரமாகிவிடும். எதையும் போட்டுக் கேட்பதற்கு முன், ஒவ்வொரு கேசட்டின் மேல் விளிம்பிலும் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். தவறிப் பதிவுப் பொத்தான் அழுந்தினாலும் அழியாது. கண்ணாடிச் சாளரம் வழியே நாடாவைப் பாருங்கள். கடற்கரை ஈரத்தில் இருந்தவை என்பதால் வெள்ளைத் தூளாகவோ நூலாகவோ பூஞ்சணம் தெரிய வாய்ப்பு உண்டு. தெரிந்தால் அந்தக் கேசட்டைத் தனி உறையில் போட்டு ஒதுக்கி வையுங்கள். கருவியில் போட்டால் நாடாவும் கெடும், நாடா உரசிச் செல்லும் தலைப்பகுதி வழியாக மற்றக் கேசட்டுகளுக்கும் பரவும். அதைத் துப்புரவு செய்வது வீட்டில் செய்யக்கூடிய வேலையன்று. அதற்கென்று பயின்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ளவற்றையும், கேசட்டைக் கணினிக் கோப்பாக மாற்றக் கடையில் மலிவாகக் கிடைக்கும் சிறு கருவியில் போடாமல், பழுது பார்த்துத் தலையைச் சுத்தம் செய்த பழைய டெக்கில் போட்டு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். இரைச்சலை நீக்குவது, எடுப்பாக்குவது எல்லாம் நகலில் செய்துகொள்ளலாம்; முதல் பதிவை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இன்று இரைச்சல் என்று நாம் வெட்டி எறிவதில் கூட்டத்தின் பதில் குரலும் அடுத்த பாட்டைப் பற்றிய அவருடைய முணுமுணுப்பும் இருக்கும்.

இங்கே ஆர்மோனியத்தைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். அதைப் பழுது பார்க்கக் கொடுக்க எண்ணினால், கொடுப்பதற்கு முன், விரலால் அழுத்தும் ஒவ்வொரு கட்டையையும் கீழிருந்து மேலாக அழுத்தி, துருத்தியைச் சீராக இயக்கி, ஒவ்வொரு ஒலியையும் சில விநாடிகள் பதிவு செய்துவிடுங்கள். பழுது பார்ப்பவர் ஒலியெழுப்பும் உலோக நாக்குகளான ரீடுகளைச் சுரண்டிச் சுருதி கூட்டிவிட்டால் பழைய ஒலி திரும்ப வராது. அந்த ஒலி எதற்கு என்றால், கேசட் பதிவுகள் பலவும் மின்கலம் தளர்ந்த கருவிகளில் எடுக்கப்பட்டவை. நாடா மெதுவாக ஓடிப் பதிவானது இன்று சரியான வேகத்தில் ஓடும்போது சுருதி உயர்ந்து, குரல் மெலிந்து கேட்கும். வேகம் ஏறக்குறைய 6 விழுக்காடு மாறினாலே ஒன்றாம் கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் உள்ள வித்தியாசம் வந்துவிடும். அதே ஆர்மோனியம் பதிவிலும் ஒலித்தால், இரண்டையும் ஒப்பிட்டு நாடாவின் வேகத்தைத் திருத்தி, அவர் உண்மையில் எந்தச் சுருதியில் பாடினார் என்று அறியலாம். பித்தளை ரீடுகளும் தூசியாலும் களிம்பாலும் காலப்போக்கில் சற்று விலகும். ஆனாலும் அந்த விலகல் பொதுவாகக் கேசட்டின் பிழையைவிடச் சிறியது. உங்கள் தாத்தாவின் உண்மையான குரல் எவ்வளவு கனமானது என்பதை அறிய இதைவிட நல்ல வழி உங்களுக்கு இல்லை.

வானொலியில் ஒருமுறைகூடப் பாடவில்லை என்பதைக் குறையாக எழுதியிருந்தீர்கள். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தையே ஒதுக்கி வைத்திருந்தது. அதன் பிறகும் கட்டுப்பாடுகள் முழுவதும் நீங்கிவிடவில்லை. ஆர்மோனியத்தைத் தம் குரலின் பாதியாகக் கொண்ட ஊர்ப் பாடகர்களின் இளமைக்காலம் பெரும்பாலும் அந்த ஆண்டுகளிலேயே கழிந்தது. அவர் பாடாததற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சூழலை நூலில் ஒரு வரி சொல்லாமல் 'வாய்ப்புக் கிடைக்கவில்லை' என்று மட்டும் எழுதினால், திறமையில் குறை இருந்தது போல வாசகருக்குத் தோன்றிவிடும்.

நோட்டுகளைப் பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக, அட்டையும் வெற்றுப் பக்கமும் விடாமல், படமெடுங்கள். செருகியிருக்கும் துண்டுச்சீட்டு எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்வரக் குறிப்பு இருந்தால் அது எந்த முறை என்று முதலில் தெளிய வேண்டும். சரிகம முறையில் ஸ என்பது எப்போதும் ஆதார சுருதி. மிஷன் பள்ளிகளில் பரவிய, ஸ்வரங்களை டோ, ரே, மி என்று குறிக்கும் டோனிக் சோல்ஃபா முறையில், மைனர் சாயல் கொண்ட பாட்டுகளுக்கு லா என்பதே அமைதி கொள்ளும் இடம். அந்தக் குறிப்பைச் சரிகம என்று எண்ணி வாசித்தால் மெட்டே மாறி வேறொரு ராகமாக ஒலிக்கும். பிறகு 'தாத்தா புதிய மெட்டு போட்டிருக்கிறார்' என்ற தவறான முடிவுக்கும் வந்துவிடுவோம். எழுத்துகளுக்கிடையே முக்காற்புள்ளி போலவும் ஒற்றைப் புள்ளி போலவும் குறிகள் ஒழுங்காக வந்தால் அது பெரும்பாலும் சோல்ஃபாதான்; முக்காற்புள்ளி தாளத் தட்டைப் பிரிக்கும், ஒற்றைப் புள்ளி அரைத் தட்டைப் பிரிக்கும்.

இனி அந்த ஒரு பாட்டின் விவகாரத்துக்கு வருகிறேன். 'யாருடையது' என்பதை ஒரே கேள்வியாகக் கொள்ளாமல், சொற்களை இயற்றியவர் யார், மெட்டமைத்தவர் யார், அந்த ஊரில் அதைப் பாட வைத்துப் பரப்பியவர் யார் என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். மூன்றுக்கும் சான்று வேறு வேறு. அவர் பிறப்பதற்கு முன்போ சிறுவனாக இருந்தபோதோ அச்சான ஒரு புத்தகத்தில் அந்தச் சொற்கள் இருந்தால், முதல் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். ஒன்றிலும் இல்லையென்றால், அவருடையது என்று நிரூபணமாகிவிட்டதாகப் பொருள் கொள்ள முடியாது. இன்னும் மறுப்புக் கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். தேட வேண்டிய பரப்பும் பெரியது. ஜெர்மன் மிஷனரிகள் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கியபின் ஐரோப்பிய மெட்டுகளில் உருவான ஞானப்பாட்டுகள் ஒரு பக்கம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று வளர்ந்த கீர்த்தனைகள் மறுபக்கம். கீர்த்தனைகளின் அச்சுத் தொகுப்புகள் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே உள்ளன. கடலூரில் மிஷன் பணி 1737-இலேயே தொடங்கிவிட்டது. பின்னாளில் டேனிஷ் மிஷன் வழியே வளர்ந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கும் இது தலைமையிடம். 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் சபைகளும் இங்கே உண்டு. கோணாங்குப்பத்தில் வீரமாமுனிவர் கோயில் எழுப்பிய காலத்திலிருந்து கத்தோலிக்கரின் தனிப் பாடல் மரபும் இந்த மாவட்டத்தில் உண்டு. அவர் எந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றார், எந்த ஓய்வுநாள் பள்ளியில் பாடினார், பின்னர் எந்தச் சபைகளுக்குப் போய்வந்தார் என்பதைப் பொறுத்தே எந்தப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்ட வேண்டும் என்பது அமையும். ஒரு மரபின் புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டிவிட வேண்டாம்.

நோட்டிலேயே சான்று இருக்கக்கூடும். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மையில், ஒரே ஓட்டத்தில் எழுதிய பாட்டு வேறிடத்திலிருந்து படியெடுத்ததாகவும் இருக்கலாம், தம் பாட்டையே நல்ல பிரதியாக எழுதியதாகவும் இருக்கலாம். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எதுகைக்காகச் சொல்லை மாற்றி மாற்றிப் பார்த்த தடமோ, ஒரு சரணத்தை அடித்துவிட்டு வேறொன்று எழுதியதோ, தாளத்துக்குச் சீர் நீண்டபோது அசையைக் குறைத்ததோ கண்ணில் பட்டால், அது இயற்றும் கையின் அடையாளம். கடைசிச் சரணத்தில், இயற்றியவர் தம் அடையாளமாக வைக்கும் முத்திரைச் சொல் ஏதேனும் வருகிறதா என்றும் பாருங்கள். பழைய கீர்த்தனைகளில் அது உண்டு, ஊர்ப் பாடகர்கள் பெரும்பாலும் வைப்பதில்லை. பல்லவியும் இரண்டு சரணங்களும் பழைய புத்தகத்தில் இருக்க, மூன்றாம் சரணம் மட்டும் உங்கள் ஊரில்தான் பாடப்படுகிறது என்று தெரியவரவும் இடமுண்டு. அப்படியானால் பக்கத்துச் சபை மூப்பர் சொன்னதும் மெய், உங்கள் ஊரார் சொல்வதும் மெய். மெட்டிலும் இதே நிலைதான்: புத்தகத்தில் பாட்டின் தலையில் சங்கராபரணம், ஆதி என்று ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும், சபை பாடுவதோ முற்றிலும் வேறு மெட்டாக இருக்கும். அந்த வேறு மெட்டை யார் கொண்டுவந்தார் என்பது அச்சில் இராது, முதியவர்களின் வாயில்தான் இருக்கும். ஒருவரையொருவர் கேட்டுச் சொல்லாத இருவர் தனித்தனியே 'இந்த மெட்டில் முதன்முதலில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் இவரே' என்று சொன்னால், அதை நூலில் எழுத நான் தயங்க மாட்டேன்.

சில பாட்டுகளின் மெட்டு அக்காலத் திரைப்பாட்டின் மெட்டாக இருப்பதைக் கண்டால் மறைக்க வேண்டாம். மக்கள் அறிந்த மெட்டில் புதிய சொற்களை ஏற்றுவது தமிழ்க் கிறிஸ்தவப் பாடல் மரபில் தொடக்கத்திலிருந்தே உள்ளது; கும்மியும் குறவஞ்சியும் அப்படித்தான் உள்ளே வந்தன. 'மெட்டு: வழக்கிலுள்ளது; சொற்கள்: இவருடையவை' என்று எழுதினால் அவர் பெருமை குறையாது.

குடும்பத்தார் நூல்களில் தவறாமல் விடுபடுகிறவை பணமும் மனத்தாங்கலும். கிடங்குச் சம்பளத்தில் வீட்டை நடத்திக்கொண்டு இத்தனை இரவுகள் பாடப் போனவருக்குப் பேருந்துக் கட்டணமாவது கொடுத்தார்களா, ஆர்மோனியம் கடனில் வாங்கியதா, அவர் வெளியே போன இரவுகளில் வீட்டில் பாட்டி என்ன பாடுபட்டார் என்பதை எழுதாமல் ஊழியம் என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட்டால், அவர் கொடுத்த விலை தெரியாமலே போகும். கீபோர்டும் டிரம்பேடும் வந்தபோது ஆர்மோனியத்தை ஓரத்தில் வைத்த சபைகள் நம் வட்டாரத்தில் பல. அவருக்கும் அது நேர்ந்ததா, சபை மாறினாரா, சிலகாலம் பாடாமலே இருந்தாரா என்று கேளுங்கள். யார் முன்வரிசையில் நிற்கலாம், யார் பாட்டை எடுத்துக் கொடுக்கலாம் என்பதில் சாதி நுழைந்த சபைகளும் உண்டு. அவர் வாழ்வில் அது இருந்திருந்தால், சொல்ல உரிமை உள்ளவர்கள் சொல்ல விரும்பினால், எழுதுங்கள். இவற்றையெல்லாம் உயிரோடிருப்பவர்களின் பெயரைக் குறிக்காமலும் எழுதலாம். சொன்னவர் ஒருவரே, வேறு சான்று இல்லை என்றால், 'என்று ஒருவர் நினைவுகூர்கிறார்' என்ற சொற்களைச் சேர்த்துவிடுங்கள். அதுவே போதிய நியாயம்.

உரிமை பற்றியும் ஒரு சொல். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, அவர் இயற்றிய பாடல்களின் உரிமையை அவர் எழுத்து மூலம் எவருக்கும் கொடுத்துவிடவில்லை என்றால், இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் அது அவருடைய வாரிசுகளுக்கு உரியது. கேசட் ஒலிப்பதிவின் உரிமை தனி; அது பொதுவாகப் பதிவுக்கு ஏற்பாடு செய்தவருடையது. பாட்டுகள் பரவ வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால், 'பெயரைக் குறிப்பிட்டு எவரும் பாடலாம்' என்று நூலின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டுவிடுங்கள். தகராறு என்று வந்தால் வழக்கறிஞரைக் கேட்பதே முறை.

நினைவுநாளுக்குள் எல்லாம் முடியாது. அந்த நாளுக்கு, உறுதியான பாடல்களையும் நால்வர் ஐவரின் நினைவுகளையும் கொண்ட சிறு நூல் போதும். 'முதல் தொகுப்பு' என்று போட்டு, தகவல் அறிந்தவர்கள் எழுதலாம் என்று ஒரு வரி சேர்த்தால், அந்த நூலே அடுத்த தகவலைக் கொண்டுவரும். விவாதத்துக்குரிய பாட்டைத் தனிப் பகுதியில், ஊரார் சொல்வதையும் மூப்பர் சொல்வதையும் சேர்த்தே அச்சிடுங்கள். ஒலிக்கோப்புகளின் பிரதிகளை ஒரே வீட்டில் வைக்காதீர்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர் அது. ஒரு பிரதி சபையில், ஒன்று வெளியூர் உறவினரிடம் இருக்கட்டும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரிக்கும் எழுதி, ஒரு பிரதியை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். நோட்டில் ஸ்வரக் குறிப்புள்ள பக்கங்களை நேர் வெளிச்சத்தில் படமெடுத்து இந்தக் கேள்விக்குக் கீழேயே இட்டால், அவை சரிகமவா சோல்ஃபாவா என்று பார்த்து, படிக்க முடிந்தவரை மெட்டையும் எழுதித் தருகிறேன்.